முதல் ஓட்டுநர் உரிமம்



மோட்டார் வண்டி ஓட்டுவோர் அரசாங்கத்தாரிடம் உரிமம் பெறவேண்டும் என்னும் ஏற்பாடு, வண்டியோடு கூடவே பிறந்ததன்று. வண்டி முதலில் வந்தது. உரிமம் அதற்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. ஜெர்மனி நாட்டில் கார்ல் பென்ஸ் என்பவர் தாம் அமைத்த வண்டியைத் தெருவில் ஓட்டியபோது, அதன் இரைச்சலையும் நாற்றத்தையும் பொறாத மக்கள் முறையிட்டனர். ஆகவே அவர் 1888-ஆம் ஆண்டில் அதிகாரிகளிடம் எழுத்து மூலமாக அனுமதி பெற்றார். அதனையே உலகின் முதல் ஓட்டுநர் உரிமம் என்று கூறுவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று எவரும் சோதிக்கவில்லை. சோதிக்கத் தகுந்தவர் வேறு எவரும் அந்நாட்டில் இருந்திருக்கவும் மாட்டார்! பாரிஸ் நகரத்துப் போலீசார் 1893-இல் ஓட்டும் திறனைச் சோதித்தே அனுமதி தருவது என்று விதித்தனர். பிரிட்டனிலோ 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து உரிமம் வேண்டுமென்று சட்டம் சொல்லிற்று. ஆனால் ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும், சோதனை ஏதும் இல்லை. அங்கே 1934-இல் சாலையில் ஓடிய வண்டிகள் ஏறக்குறைய 24 லட்சம். அவ்வாண்டில் விபத்தில் மாண்டவர் 7,343 பேர். அதன் பிறகே 1935 ஜூன் முதல் நாளிலிருந்து ஓட்டுநர் சோதனை கட்டாயமாயிற்று. முப்பது ஆண்டுகள் பொறுத்து, பல்லாயிரம் உயிர்களைக் கொடுத்து, அந்நாட்டார் கற்ற பாடம் அது.

நம் நாட்டில் 1914-இலும் 1939-இலும் மோட்டார் வண்டிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இப்போது நடப்பில் இருப்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அது 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் பெரிதும் திருத்தப்பட்டது. சட்டம் இருக்கிறது, ஆயினும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடுதான். 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். எத்தனையோ துறைகளில் நாம் முதலிடம் வேண்டுகிறோம். இந்த முதலிடம் நமக்கு வேண்டாம்.

இவற்றை மனத்தில் இருத்திக்கொண்டு, முதன்முதலாக உரிமம் பெற விரும்பும் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ செய்யவேண்டுவது யாது என்று பார்ப்போம்.

முதலாவது, வயது. கியர் உள்ள இருசக்கர வண்டிக்கும் காருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வாடகை வண்டி, சரக்கு வண்டி முதலிய போக்குவரத்து வண்டிகளுக்கு 20 வயது. இவற்றில் ஐயமில்லை. மாணவர்களிடையே குழப்பம் விளைவிப்பது 16 வயது என்னும் விதி. "கியர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பதினாறு வயது போதும்" என்று பெற்றோர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே, அதுவும் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதத்துடன், 16 வயதினர் ஓட்டலாம். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. கியர் இல்லை என்பதனால் அவை சிறுவர் வண்டி ஆகிவிடமாட்டா. மின்சார வண்டிகளில், மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கு உட்பட்டும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்டும் இருப்பவற்றைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அவற்றுக்கு மட்டும் உரிமம் வேண்டாம்.

வயது நிறையாதவர் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் மிகக் கண்டிப்பானது. குற்றவாளி என்று கருதப்படுபவர் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர். அவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். ஓட்டிய சிறுவனோ, தன் 25-ஆம் வயது வரை பழகுநர் உரிமமே பெறமுடியாது. இதனை நான் பள்ளி வழிபாட்டுக் கூட்டங்களில் பலமுறை படித்துக் காட்டியதுண்டு. மாணவர்கள் அமைதியாகக் கேட்பார்கள். மாலையில் பள்ளி வாயிலுக்குச் சற்றுத் தொலைவில், வேப்பமரத்தடியில் மறைத்து வைத்த வண்டிகளை எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள்.

அவ்வாறு புறப்பட்டவர்களுள் ஒருவனைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினொன்றாம் வகுப்பு மாணவன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றமைக்காகத் தந்தை வாங்கித் தந்த ஸ்கூட்டர். முரடனல்லன், வேகமாக ஓட்டினான் என்றும் எவரும் சொல்லவில்லை. ஊர்ச் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு வலப்புறம் திரும்பும்போது, இடப்புறத்து லாரியையே பார்த்திருந்தவன், எதிரே பால் கேனுடன் சாலையைக் கடந்த ஓர் அம்மையாரைக் காணவில்லை. கண்டபின் முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தான். வண்டி சறுக்கி அவர்மேல் விழுந்தது. அவருடைய முழங்கால் எலும்பு நொறுங்கிற்று. நாள்தோறும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொண்டுபோய்க் குடும்பத்தைக் காத்துவந்தவர் அவர்; அதன்பின் மாடுகளை விற்றுவிட்டார்கள். இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு, உரிமம் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்த தந்தையிடமிருந்து அத்தொகையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. தந்தை நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். இருவர் வீட்டிலும் அடுப்பெரிவது குறைந்தது. அந்தப் பையனுக்குத் தெரியாமற்போனவை இரண்டே: திரும்பும்போது எங்கெங்கே பார்ப்பது, பிரேக்கை எவ்வாறு பிடிப்பது. இவ்விரண்டையும் கற்றுத்தருவதற்கென்றே பழகுநர் உரிமம் என்னும் காலம் வைக்கப்பட்டிருக்கிறது.

வழக்கில் 'எல்.எல்.ஆர்.' என்று சொல்லப்படுவதே இந்தப் பழகுநர் உரிமம். இதற்கு மத்திய அரசின் 'சாரதி' என்னும் இணையதளத்தின் வழியே விண்ணப்பிக்கவேண்டும். பார்த்தனுக்குத் தேரோட்டியவனின் பெயரை அலுவலகக் கணினிக்கு வைத்தவர் எவரோ, நல்ல சுவையறிந்தவர். வயதுக்கும் முகவரிக்கும் சான்றுகள் வேண்டும். ஆதார் வாயிலாக அடையாளத்தை உறுதி செய்துகொண்டு, பழகுநர் உரிமம் முதலிய பல சேவைகளை அலுவலகம் செல்லாமலே பெறும் வசதியை மத்திய அரசு 2021-இல் ஏற்படுத்தியது. இணையப் பழக்கம் இல்லாதவர் இ-சேவை மையங்களை நாடலாம்.

விண்ணப்பத்தோடு உடல்நலம் பற்றிய உறுதிமொழி ஒன்றையும் தரவேண்டும். அதிலுள்ள கேள்விகளைப் பலர் படியாமலே 'இல்லை', 'ஆம்' என்று குறித்துவிடுகிறார்கள். வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண்பலகையைப் படிக்க இயலுமா? மாலைக்கண் உண்டா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? ஒவ்வொன்றும் உயிரைத் தொடும் கேள்வி. எண்பலகைச் சோதனையை வீட்டுத் திண்ணையிலிருந்தே செய்து பார்க்கலாம். 25 மீட்டர் என்பது ஏறத்தாழ முப்பத்தைந்து நடையடி. படிக்க முடியாவிட்டால் கண் மருத்துவரிடம் போகவேண்டுமேயன்றி, பக்கத்து நண்பனிடம் கேட்டு எழுதிவிடலாகாது. கண்ணாடி அணிந்து படிக்க முடிந்தால் அதுவே போதும்.

நிறக்குருடு பற்றி ஒரு சொல். தேசப்படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் காட்டையும் செம்மண் நிலத்தையும் மாற்றித் தீட்டும் மாணவர் ஒருவரோ இருவரோ எல்லாத் தலைமுறையிலும் இருப்பர். அவர்கள் தமக்கு உரிமமே கிடையாது என்று அஞ்சி உண்மையை மறைப்பது வழக்கம். இனி மறைக்க வேண்டியதில்லை. 2020 ஜூன் மாதத்தில் விதிகள் திருத்தப்பட்டு, இலேசான அல்லது நடுத்தரமான நிறக்குருடு உடையவர்கள் உரிமம் பெறலாம் என்று ஆயிற்று. கடுமையான குறை உள்ளவர்க்கே தடை.

அடுத்து, அறிவுச் சோதனை. சாலைக் குறிகள், ஓட்டுநர் காட்டவேண்டிய சைகைகள், சாலை விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, உடன் வைத்திருக்கவேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றில் வினாக்கள் வரும். 60 விழுக்காடு சரியாக விடையளித்தால் தேர்ச்சி. பரீட்சைக்குப் பழகிய உங்களுக்கு இது எளிது. எளிது என்பதே ஆபத்தும் ஆகும். நூறு குறிகளை நெட்டுருச் செய்வதைவிட, வடிவத்தின் பொருளை அறிந்துகொள்ளுங்கள். சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை: வளைவு, பள்ளி, குறுகிய பாலம் முதலியன. வட்டம் கட்டளை, மீறினால் தண்டனை. நீள்சதுரம் செய்தி: மருத்துவமனை, பெட்ரோல் நிலையம் போன்றவை. 'நில்' என்னும் குறி மட்டும் எண்கோணமாகவும், 'வழிவிடு' என்பது தலைகீழ் முக்கோணமாகவும் அமைந்தமைக்குக் காரணம் உண்டு. பலகையில் சேறு படிந்து எழுத்து மறைந்தாலும், பின்புறத்திலிருந்து பார்த்தாலும், வடிவத்தைக் கொண்டே அவற்றை இன்னவை என்று அறிந்துவிடலாம்.

பழகுநர் உரிமம் ஆறு மாதங்கள் செல்லும். அதனைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டும் சோதனைக்குச் செல்லமுடியும். இந்த 30 நாட்களை வெறும் காத்திருப்பு என்று எண்ணுபவரே மிகுதி. முழு உரிமம் உடைய ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய வகையில் அருகில் அமர்ந்திருக்கும்போது மட்டுமே பழகுநர் கார் ஓட்டலாம். இருசக்கர வண்டியில், கற்பிப்பவரைத் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்றிச் செல்லலாகாது. வண்டியின் முன்னும் பின்னும், 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பலகையில் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தைச் சிவப்பில் எழுதி வைக்கவேண்டும். அதனை அவமானமாகக் கருதி விரல்நீளத்தில் ஒட்டிக்கொள்வோரைக் காண்கிறேன். பின்னால் வருபவர் பொறுமை காட்டவேண்டும் என்பதற்காகத்தானே அது? கண்ணுக்குத் தெரியாத பலகைக்கு எவர் பொறுமை காட்டுவார்?

இந்த 30 நாட்களில் கற்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் போட்ட கணக்குத்தான். சாலையில் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் 13 மீட்டருக்கும் சற்று மிகுதியாகச் செல்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கில் பதிவதற்குள் வண்டி 9 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பின்பும் 14 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆக 23 மீட்டர். இது பிரிட்டன் நாட்டுச் சாலை விதி நூல் காட்டும் கணக்கு. வேகத்தை இருமடங்காக்குங்கள்: 96 கிலோமீட்டர். நிற்கும் தூரம் இருமடங்கு ஆகுமா? ஆகாது. எண்ணும் தூரம் 18 மீட்டராக இரட்டிக்கிறது. பிரேக் தூரமோ 55 மீட்டர், ஏறத்தாழ நான்கு மடங்கு. மொத்தம் 73 மீட்டர். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நீங்கள் மனப்பாடம் செய்த வரிக்கு இதுவே பொருள். இவையும் உலர்ந்த சாலைக்கும் நல்ல பிரேக்குக்கும் உரியவை. மழைக்காலத்தில் இன்னும் நீளும். கைப்பேசியில் செய்தியைப் பார்க்க மூன்று நொடி குனிந்தால், அந்த 48 கிலோமீட்டர் வேகத்திலேயே 40 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு ஒப்பாகும்.

இனி, ஓட்டும் சோதனை. இருசக்கர வண்டிக்கு நம் மாநிலத்தில் இதன் பெயரே 'எட்டு போடுதல்' என்று ஆகிவிட்டது. தரையில் எட்டு என்னும் எண்ணின் வடிவில் வரைந்த பாதையில், கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்டவேண்டும். நெடுஞ்சாலையில் எவர் எட்டு போடுகிறார், இது வீண் சடங்கன்றோ என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. என்னிடம் பயின்று இன்று மோட்டார் வாகன ஆய்வாளராக இருக்கும் ஒருவரிடம் நானும் அதனைக் கேட்டேன். அவர் சொன்னார்: "ஐயா, வேகமாக ஓட்ட எவரும் ஓட்டிவிடுவார்கள். வேகம் இருந்தால் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். மெதுவாக ஓட்டுவதுதான் வித்தை. சந்தைத் தெருவில், பள்ளி வாயிலில், பஸ்ஸின் பின்னால் ஊர்ந்து போகத் தெரியவேண்டும். அதைத்தான் எட்டு காட்டிக் கொடுக்கிறது." பின்பு இன்னொன்றும் சொன்னார்: "நான் சக்கரத்தைப் பார்ப்பதில்லை, ஓட்டுபவரின் கண்ணைப் பார்க்கிறேன். முன்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் கால் ஊன்றியே தீருவார். போகவேண்டிய இடத்தைப் பார்ப்பவர் தப்பாமல் திரும்புவார்."

காருக்கு உரிய சோதனை விரிவானது. புறப்படுமுன் கண்ணாடிகளைச் சரிசெய்தல், சைகை காட்டிக் கிளம்புதல், மேட்டில் பின்னால் உருளாமல் வண்டியை எடுத்தல், பின்னோக்கி ஓட்டுதல், வளைவிலும் சந்திப்பிலும் வேகத்தை அடக்குதல், முந்துதல், நிறுத்துதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். அரசின் ஏற்புப் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் 29 மணி நேரப் பயிற்சியை முடித்துத் தேறினால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்டவேண்டியதில்லை என்றும் 2021-இல் விதி செய்யப்பட்டிருக்கிறது. மற்றப் பயிற்சிப் பள்ளிகளில் நல்லவையும் உண்டு. ஒரே தெருவில் பத்து நாள் முன்னும் பின்னும் ஓட்டச்செய்து, சோதனைக்கு மட்டும் ஆயத்தம் செய்பவையும் உண்டு. சேருமுன், இரவிலும் மழையிலும் நெரிசலிலும் ஓட்டப் பழக்குவீர்களா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையிலிருந்தே பள்ளியின் தரம் தெரிந்துவிடும்.

சோதனையில் தவறினால்? என் பெயர்த்தி முதல்முறை எட்டில் கால் ஊன்றிவிட்டாள். அன்று முழுதும் அவள் உண்ணவில்லை. தவறியவர் ஏழு நாட்களுக்குப் பின் மீண்டும் செல்லலாம். மூன்று முறை தவறினால், கடைசிச் சோதனையிலிருந்து 60 நாட்கள் காத்திருக்கவேண்டும்.  பள்ளி மைதானத்தில் செங்கல்லை அடுக்கி எட்டு அமைத்து, ஒரு வாரம் காலையில் சுற்றிச் சுற்றிப் பழகினாள். அடுத்த முறை தேறினாள். அவளுடன் நான் சென்றிருந்தபோதுதான், அலுவலக வாயிலில் ஒருவர் என்னை அணுகி, இன்ன தொகை கொடுத்தால் குழந்தை வெயிலில் நிற்கவே வேண்டாம் என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் விற்பதை வாங்குவோர் இருப்பதனால்தான் அவர் அங்கே நிற்கிறார். சோதனைக்கு அஞ்சிப் பணம் கொடுப்பவர்கள், தம் பிள்ளைக்கு உரிமத்தை வாங்கித் தருகிறார்கள். பிரேக் பிடிக்கும் கையை வாங்கித் தர முடியுமா? பால் கேனுடன் சாலையைக் கடந்த அம்மையார் இதனைக் கேட்டால் என்ன சொல்வார்?

தலைக்கவசம் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் 2022-இல் தலைக்கவசம் அணியாத நிலையில் மாண்டவர் 50,029 பேர் என்று அதே அரசு அறிக்கையில் காண்கிறேன். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், ஓட்டினாலும் பின்னால் அமர்ந்தாலும், அணிந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். வாரைத் தாடையின் கீழ் மாட்டாமல் வைத்துக்கொள்வது அணிந்ததாகாது. விழுந்தவுடன் கவசம் ஒருபுறமும் தலை ஒருபுறமும் போய்விடும்.

சோதனையில் தேறியபின் உரிம அட்டை வரும். தமிழ்நாட்டில் 2024 முதல் அது விரைவு அஞ்சலில் வீட்டு முகவரிக்கே அனுப்பப்படுகிறது. ஆதலின் விண்ணப்பத்தில் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் பிழையின்றித் தருவது இன்றியமையாதது. முப்பது வயதுக்கு உட்பட்டவர் பெறும் உரிமம் அவருக்கு 40 வயது நிறையும் வரை செல்லும். பதினெட்டு வயதில் பெறுபவர் இருபத்திரண்டு ஆண்டுகள் மறுபடி யாருக்கும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை என்று பொருள். இது சற்று நீண்ட காலமே என்பது என் சொந்தக் கருத்து. அட்டையை வீட்டில் விட்டுவந்தாலும், அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய செயலிகளில் உள்ள மின்னணு உரிமத்தைக் காவலரிடம் காட்டலாம், அது செல்லும்.

அட்டை கைக்கு வந்தவுடன் பெயர், பிறந்த நாள், இரத்தப் பிரிவு ஆகியவற்றோடு, எவ்வகை வண்டிக்கு உரிமம் தரப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். கியர் இல்லாத இருசக்கர வண்டி என்று மட்டும் இருந்தால், அதை வைத்துக்கொண்டு அண்ணனுடைய மோட்டார் சைக்கிளை எடுக்கலாகாது. அந்த வகைக்குத் தனியே பழகுநர் உரிமம் பெற்று, மறுபடி 30 நாட்கள் பழகி, ஓட்டிக் காட்டிய பின், முன்னைய உரிமத்திலேயே அதனையும் சேர்த்துத் தருவார்கள்.